தக்காளி ரசத்தின் மேல் பழி போடாதீர்கள்

கேள்வி: என் மகளுக்கு 27 வயது. ஒன்றரை வருடத்துக்கு முன்பு வலது கண்ணில் வலி வந்து பார்வை மங்கியது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிட்டு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். டைமெத்தில் ஃபுமரேட் மாத்திரை காலையிலும் இரவிலும் சாப்பிடுகிறாள். அதன் பிறகு புது அட்டாக் எதுவும் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்பு யூடியூபில் ஒரு வீடியோ பார்த்தேன். நரம்பின் மேலுள்ள மயலினை அழிப்பது குளூட்டமேட் என்றும், அது அஜினமோட்டோ, தக்காளி, காளான், பருப்பு, பால் எல்லாவற்றிலும் இருக்கிறது என்றும் சொன்னார்கள். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். மகள் நான்கு கிலோ இளைத்துவிட்டாள். ஆனால் வீடியோவில் சொன்னது சரிதானோ என்றும் தோன்றுகிறது. ஹோட்டலில் ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்ட இரவு அவளுக்கு முகம், கழுத்தெல்லாம் சிவந்து எரிந்தது. இன்னொரு நாள் மதியம் தக்காளி ரசம் சாப்பிட்டதும் பழைய கண்ணிலேயே பார்வை மங்கியது. என் மாமனாருக்கு ஞாபக மறதிக்காக மெமன்டைன் மாத்திரை கொடுக்கிறோம். அது குளூட்டமேட்டைத் தடுக்கிற மாத்திரை என்று மருந்துக்கடைத் தம்பி சொன்னார். அதையே மகளுக்கும் கொடுக்கலாமா? இப்போது சாப்பிடும் மாத்திரைக்குப் பதிலாகக் கொடுத்தால் செலவும் குறையும்.
வாசகி, குளித்தலை

பதில்:

அம்மா, முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். மெமன்டைனை மகளுக்குக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுக்க ஆரம்பித்திருந்தால் இன்றே அவருடைய நரம்பியல் டாக்டருக்குப் போன் செய்து சொல்லுங்கள். டைமெத்தில் ஃபுமரேட்டை நிறுத்தாதீர்கள். ஏன் என்பதை நிதானமாகப் பேசலாம்.

நீங்கள் பார்த்த வீடியோ முழுப் பொய் இல்லை, அதுதான் தொல்லை. முழுப் பொய்யாக இருந்தால் ஒரே வரியில் முடித்திருப்பேன். ஆய்வுக்கூடத்தில் கண்ட ஒரு பாதி உண்மையை எடுத்து, மீதிப் பாதியை விட்டுவிட்டு, நேராக உங்கள் சமையலறைக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். விட்டுப்போன பாதியில்தான் விஷயமே இருக்கிறது.

மூளையில் ஒரு நரம்பு செல் இன்னொரு நரம்பு செல்லைத் தட்டி எழுப்பும் சேதிகளில் பெரும்பகுதி குளூட்டமேட் வழியாகத்தான் போகிறது. அது இல்லாமல் பேச்சு இல்லை, நடை இல்லை, ஞாபகம் இல்லை. நச்சுப் பொருள் என்றால் நம் தலைக்குள் இவ்வளவு சேர்த்து வைத்திருக்க மாட்டோம். செல்லுக்கு உள்ளே இருக்கும் அளவு வெளியே இருப்பதைவிடப் பல ஆயிரம் மடங்கு அதிகம். வெளியே சொட்டுச் சொட்டாக வந்து, சேதி சொல்லி முடித்த மறுகணமே அங்கிருந்து துடைத்தெடுக்கப்பட வேண்டும். துடைக்கும் வேலையைப் பக்கத்திலிருக்கும் ஆஸ்ட்ரோசைட் என்ற செல்கள் பார்த்துக்கொள்கின்றன.

அடுத்தது மயலின். மின்கம்பிக்கு மேல் ரப்பர் உறை மாதிரி என்று எல்லோரும் சொல்கிறோம், நானும் ஓ.பி.யில் அப்படித்தான் சொல்வேன். உண்மையில் அந்த உவமை அவ்வளவு சரியில்லை, ரப்பருக்கு உயிர் இல்லை. உங்கள் ஊர்ப் பக்கம் வாழைத்தண்டைச் சுற்றி மட்டை மேல் மட்டையாக மூடியிருக்குமே, அதுதான் சரியான படம். உயிருள்ள அடுக்குகள். மூளையில் இந்த மட்டையைச் சுற்றித் தருவது ஒலிகோடென்ட்ரோசைட் என்ற செல். 1921-இல் ஸ்பெயின் நாட்டு பியோ தெல் ரியோ ஒர்தேகா என்பவர் அதற்குப் பெயர் வைத்தார். ஒரே செல் பத்து, இருபது, சில சமயம் நாற்பது நரம்பு இழைகளுக்குக்கூட மட்டை சுற்றிக் கொடுக்கும். உறை போடுவதோடு விடாமல் உள்ளிருக்கும் இழைக்குச் சாப்பாடும் ஊட்டுகிறது.

எம்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் உடம்பின் சொந்த எதிர்ப்பு செல்களே மூளைக்குள் புகுந்து இந்த மட்டையை உரிக்கின்றன. எம்.ஆர்.ஐ.யில் உங்களுக்கு டாக்டர் காட்டிய வெள்ளைப் புள்ளிகள் அப்படி உரிந்த இடங்கள். குளூட்டமேட் இதில் எங்கே வருகிறது? அழற்சி நடக்கும் இடத்தில் எதிர்ப்பு செல்கள் குளூட்டமேட்டை வெளியே கொட்டுகின்றன. துடைக்க வேண்டிய ஆஸ்ட்ரோசைட்டும் அங்கே தளர்ந்து போயிருக்கிறது. தேங்கிய குளூட்டமேட் ஒலிகோடென்ட்ரோசைட்டின் மேலுள்ள கதவுகளைத் திறந்துவிட, கால்சியம் உள்ளே வெள்ளமாகப் பாய்ந்து செல் செத்துப்போகிறது.

இதை யாரும் கற்பனையாகச் சொல்லவில்லை. 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் நேச்சர் மெடிசின் இதழில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஒரே முடிவை வெளியிட்டன. எம்.எஸ். போன்ற நோயை வரவழைத்த எலிகளுக்கு, குளூட்டமேட்டின் ஒருவகைக் கதவான ஆம்பா ஏற்பியை அடைக்கும் மருந்தைக் கொடுத்தபோது பாதிப்பு குறைந்தது. ஆச்சரியம் என்னவென்றால் அழற்சி குறையவில்லை. படை உள்ளே வந்தது வந்தபடியே இருந்தது, சேதாரம் மட்டும் குறைந்தது. 2005-இல் சான் பிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தினர் எம்.எஸ். நோயாளிகளின் மூளையில் குளூட்டமேட்டை ஸ்கேன் வழியாகவே அளந்தார்கள். புதிதாகக் கிளம்பிய புள்ளிகளில் அது கூடியிருந்தது. ஆறிப்போன பழைய புள்ளிகளில் கூடவில்லை.

இதுவரை வீடியோக்காரர் சொன்னது சரி. நாங்களும் அந்தக் காலத்தில் இப்படித்தான் குதித்தோம். கதவை அடைத்தால் தீர்ந்தது என்று நினைத்தோம்.

அப்புறம் நடந்தது இது. மெமன்டைன் என்.எம்.டி.ஏ. என்ற இன்னொரு வகைக் குளூட்டமேட் கதவை அடைக்கும் மருந்து. அல்சைமர் நோயில் ஞாபக சக்திக்காகக் கொடுக்கிறோம், உங்கள் மாமனாருக்கு அது பொருத்தமானதுதான். எம்.எஸ். நோயாளிகளின் ஞாபகக் குறைவுக்கு உதவுமா என்று ஸ்பெயினில் ஒரு சிறிய சோதனை நடத்தினார்கள். பார்வை மங்கல், தலைவலி, கால் தளர்ச்சி, நடக்கச் சிரமம் என்று நோயாளிகளுக்கு இருந்த தொந்தரவே கூடியது. மாத்திரையை நிறுத்தியதும் சரியானது. சோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டு 2009-இல் அதை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் வெளியான பெரிய சோதனையில் ஞாபகத்துக்கும் பலன் இல்லை. ஒரே வீட்டில் தாத்தாவுக்கு உதவும் மாத்திரை பேத்தியைப் படுக்க வைக்கலாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

ரிலூசோல் என்று இன்னொரு மருந்து, குளூட்டமேட் வெளியாவதைக் குறைக்கும். ஏ.எல்.எஸ். என்ற தசை நரம்பு நோயில் 1995-லிருந்து பயன்படுகிறது. பிரிட்டனில் எம்.எஸ். முற்றிய நிலையில் இருந்த 445 பேரை நான்கு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ரிலூசோலும் மற்ற இரண்டு பிரிவுகளுக்கு வேறு இரண்டு மருந்துகளும் நான்காவது பிரிவுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் 96 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். மூளை சுருங்குவதை மூன்று மருந்துகளில் எதுவும் தடுக்கவில்லை. 2020-இல் முடிவு வந்தது. நல்ல நோக்கம், நேர்மையான சோதனை, ஏமாற்றமான விடை. எலியில் வென்றது மனிதரில் தோற்பது எங்கள் துறையில் புதிதல்ல. ஆனால் இந்த விஷயத்தில் தோல்விக்கு ஒரு விளக்கம் இருக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான், சற்றுப் பொறுமையாகப் படியுங்கள்.

மூளையில் ஒலிகோடென்ட்ரோசைட் ஆகக் காத்திருக்கும் இளம் செல்கள் நிறைய உண்டு, பெரியவர்களுக்கும் உண்டு. மட்டை உரிந்த இடத்துக்கு இவை வந்து வளர்ந்து புது மட்டை சுற்றும். உங்கள் மகளின் கண் பார்வை திரும்பியதில் வீக்கம் வற்றியதோடு இந்தப் பழுதுபார்ப்புக்கும் பங்கு இருக்கலாம். நரம்பு இழைகள் இந்த இளம் செல்களோடு நேரடியாகவே இணைப்பு வைத்திருக்கின்றன, பேசிக்கொள்வது குளூட்டமேட் மூலம் என்று 2000-இல் கண்டார்கள். இரண்டு நரம்பு செல்களுக்கு நடுவில்தான் அப்படி இணைப்பு இருக்கும் என்று அதுவரை பாடத்தில் படித்திருந்தோம். மட்டை போடும் வேலைக்காரனோடு நரம்பு தனியாக லைன் வைத்திருக்கும் என்று யார் எதிர்பார்த்தது?

ஐஸ்லாந்தில் பிறந்த ரக்ன்ஹில்டூர் காராதொத்திர் என்ற விஞ்ஞானியின் இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2005-இல் லண்டனில் இருந்தபோது ஒலிகோடென்ட்ரோசைட்டின் மேல் என்.எம்.டி.ஏ. கதவுகள் இருப்பதையும், ரத்த ஓட்டம் நின்றது போன்ற நெருக்கடியில் அவை திறந்துகொள்வதையும் காட்டினார். அதாவது குளூட்டமேட்டின் கெட்ட முகம். பிறகு கேம்பிரிட்ஜில் அவருடைய குழு 2015-இல் காட்டியது நேர் எதிர். மயலின் உரிந்த நரம்பு இழை சும்மா கிடக்காமல் தொடர்ந்து சேதி அனுப்புகிறது, அது விடும் குளூட்டமேட்டை இளம் செல்கள் ஆம்பா ஏற்பி வழியாகக் கேட்டுத்தான் முதிர்ந்து மட்டை சுற்றுகின்றன. அந்தப் பேச்சை மருந்தால் அடைத்தபோது பழுதுபார்ப்பு கெட்டது. 2000-இல் எலியைக் காப்பாற்றியதும் ஆம்பா கதவை அடைத்ததுதான், 2015-இல் எலியின் பழுதுபார்ப்பைக் கெடுத்ததும் அதே கதவை அடைத்ததுதான்.

ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரக் குழு ஒன்று 2016-இல் இன்னும் ஒன்று சேர்த்தது. நரம்பு வேலை செய்யும்போது விடும் குளூட்டமேட்டை ஒலிகோடென்ட்ரோசைட் தன் என்.எம்.டி.ஏ. கதவால் உணர்ந்து, 'இவனுக்குப் பசிக்கிறது' என்று தெரிந்துகொண்டு, கூடுதலாகக் குளுக்கோஸை இழுத்து நரம்புக்கு ஊட்டுகிறது. அந்தக் கதவே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு வயதான பிறகு நரம்பு இழைகள் நலிந்தன. மெமன்டைன் அடைப்பதும் என்.எம்.டி.ஏ. கதவைத்தான். ஸ்பெயின் நோயாளிகள் தடுமாறியதற்கு இதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன், நரம்புக்கும் நரம்புக்கும் உள்ள பேச்சை மங்கவைத்ததே போதுமான காரணமாக இருக்கலாம். ஆனால் மொத்தமாக ஒரு வாயை மூடினால் யாரெல்லாம் பட்டினி கிடப்பார்கள் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

வாழைக்குத் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும். அதற்காகக் குளித்தலையில் யாரும் வாய்க்காலையே மண் போட்டு மூடுவதில்லை, தேங்கிய தண்ணீருக்கு வடிகால்தான் வெட்டுவார்கள். எம்.எஸ்.ஸில் தேக்கத்தை உண்டாக்குவது உள்ளே புகுந்த எதிர்ப்பு செல்கள். அவற்றின் வரத்தைக் குறைப்பதுதான் இன்றைக்குக் கையில் இருக்கும் வடிகால். உங்கள் மகள் சாப்பிடும் டைமெத்தில் ஃபுமரேட் முக்கியமாக அந்த வேலையைத்தான் செய்கிறது. குளூட்டமேட் தடுப்பு மாத்திரை எதுவும் அதற்கு மாற்று ஆகாது. செலவு பெரிய சுமைதான், எனக்குத் தெரியும். நிறுத்துவதற்குப் பதில் விலை குறைந்த வேறு கம்பெனித் தயாரிப்பு இருக்கிறதா என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

சரி, இனி சமையலறை.

குளூட்டமேட் ருசி என்பது ஜப்பானியர் கிக்குனே இக்கேடா 1908-இல் கொம்பு என்ற கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்தது. அடுத்த வருடமே அஜினமோட்டோ விற்பனைக்கு வந்தது. தக்காளியில், காளானில், தாய்ப்பாலிலும்கூட இயற்கையாகவே இருப்பது இதே பொருள்தான். நாம் சாப்பிடும் குளூட்டமேட்டில் பெரும்பகுதியைக் குடலின் செல்களே எரிபொருளாக எரித்துவிடுகின்றன, ரத்தத்துக்கு வருவது சொற்பம். அங்கிருந்து மூளைக்குள் போக ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்பு விடாது.

'எம்.எஸ்.ஸில் அந்தத் தடுப்பே ஓட்டையாகிறதாமே' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. புதிய புள்ளி கிளம்பும் இடத்தில் சில வாரங்களுக்குத் தடுப்பு கசியும், மருந்து ஏற்றி எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் பளிச்சென்று தெரிவது அதுதான். ஆனால் அங்கே தேங்கும் குளூட்டமேட் உள்ளேயே உற்பத்தியாவது, தட்டிலிருந்து வந்ததல்ல. அஜினமோட்டோ சாப்பிட்டதால் எம்.எஸ். அட்டாக் வந்தது என்று மனிதர்களில் எந்த ஆய்வும் நிறுவவில்லை.

வீடியோவில் எலி மூளை கெட்டுப்போன படம் காட்டியிருப்பார்கள், எல்லா வீடியோவிலும் காட்டுகிறார்கள். அது 1969-இல் ஜான் ஓல்னி என்ற அமெரிக்க மருத்துவர் செய்த ஆய்வு. நல்ல ஆய்வுதான், குளூட்டமேட் அளவு மீறினால் நரம்பு செல் சாகும் என்பதை நிறுவியவர் அவர். ஆனால் அவர் புதிதாகப் பிறந்த எலிக்குட்டிகளுக்குத் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டார், ஒரு கிராம் எடைக்கு 0.5 மில்லிகிராமிலிருந்து. ஐம்பது கிலோ ஆளுக்குக் கணக்குப் போட்டால் குறைந்தது 25 கிராம் அஜினமோட்டோ, அதுவும் ஊசியாக. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2017-இல் வைத்த வரம்பு ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு 30 மில்லிகிராம், அதே ஐம்பது கிலோ ஆளுக்கு ஒன்றரை கிராம். தெருவோரக் கடாயில் கரண்டியால் அள்ளிப் போடுவதைப் பார்க்கும்போது எனக்கும் பிடிப்பதில்லைதான். அதோடு வரும் உப்பும் எண்ணெயும் என் மனக்குறை, மயலின் அல்ல.

இதில் ஒரு வேடிக்கை. எம்.எஸ்.ஸுக்கு இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகப் போடும் கிளாட்டிராமர் என்ற ஊசி நான்கு அமினோ அமிலங்களைக் கோர்த்துச் செய்தது. குளூட்டமிக் அமிலம், லைசின், அலனின், டைரோசின் என்ற அந்த நான்கின் முதல் எழுத்துகளிலிருந்துதான் அந்தப் பெயரே வந்தது. 'குளூட்டமேட் உள்ள எதையும் தொடாதே' என்ற விதிப்படி அந்த ஊசியையே தடை செய்ய வேண்டியிருக்கும்.

அப்படியென்றால் முகம் சிவந்தது ஏன்? ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்ட அந்த இரவு மகள் எத்தனை மணிக்கு மாத்திரை போட்டார் என்று கேட்டுப் பாருங்கள். டைமெத்தில் ஃபுமரேட் போட்ட அரை மணி நேரம் போல ஆனதும் முகம், கழுத்து, மார்பு சிவந்து சூடாவது அந்த மருந்தின் மிகப் பழக்கமான பக்கவிளைவு. ஹோட்டலில் ஆர்டர் வரத் தாமதமாகி, வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார் என்பது என் ஊகம். என் நோயாளிகளிடம் இதே கதையைக் கல்யாணப் பந்தியை வைத்துக் கேட்டிருக்கிறேன், அங்கே பழி பாயசத்தின் மேல் விழுந்தது. சாப்பாட்டின் நடுவில் மாத்திரையைப் போட்டால் பெரும்பாலும் குறையும். சிவப்போடு உதடு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ அது வேறு விஷயம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ரசம் சாப்பிட்ட மதியம் பார்வை மங்கியது? கடிதத்தில் நீங்கள் தேதி போட்டிருக்கிறீர்கள், கத்திரி வெயில் நடுவில். கரண்ட் இருந்ததா? மட்டை உரிந்து மெலிந்த நரம்பு, உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே சேதியைத் தடுமாறி அனுப்பும். ஜெர்மன் கண் மருத்துவர் ஊட்ஹாஃப் 1890-இல் எழுதி வைத்தது, இன்றும் அவர் பெயரால் சொல்கிறோம். வெயில், காய்ச்சல், வெந்நீர்க் குளியல், கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் ரசம் எல்லாம் இதைச் செய்யும். உடம்பு குளிர்ந்ததும் பார்வை திரும்பும். புது சேதாரம் இல்லை. அதே மங்கல் குளிர்ந்த பிறகும் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால், அல்லது கண்ணை அசைக்கும்போது வலித்தால், அது அட்டாக்காக இருக்கலாம். அப்போது டாக்டரிடம் போவதைத் தள்ளிப் போடாதீர்கள். குற்றம் தக்காளியில் இல்லை, சூட்டில். ரசத்தை ஆற்றிக் கொடுங்கள்.

பருப்பு, பால், காளான், தக்காளி எல்லாம் இந்த வாரமே திரும்பட்டும். இருபத்தேழு வயதுப் பெண் இரண்டு மாதத்தில் நான்கு கிலோ இளைப்பது நல்லதல்ல. எடை திரும்ப ஏறாவிட்டால் மருந்தின் வயிற்றுத் தொந்தரவோ வேறு எதுவுமோ காரணமா என்று பார்க்க வேண்டும். அடுத்த முறை ரத்தப் பரிசோதனையில் லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையும் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள், இந்த மாத்திரை அதைக் குறைக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று. எலிகள் புதிதாக ஒரு வித்தை பழகும்போது மூளையில் புது மயலின் உருவாகிறது என்று 2014-இல் லண்டன் ஆய்வு ஒன்று காட்டியது. கம்பிகள் ஏறுமாறாக வைத்த சக்கரத்தில் ஓடப் பழகிய எலிகள் அவை. புது மயலின் உண்டாகவிடாமல் தடுத்த எலிகளுக்கு அந்த வித்தை சரியாக வரவில்லை. இதை வைத்து எம்.எஸ். நோயாளி ஓடினால் மட்டை திரும்ப முளைக்கும் என்று நான் சொல்ல வரவில்லை, சொன்னால் நானும் யூடியூப்காரன் ஆகிவிடுவேன். ஆனால் களைப்புக்கும் நடைக்கும் மனசுக்கும் உடற்பயிற்சி உதவுகிறது என்பது மனிதர்களிலேயே தெரிந்த விஷயம். நோய் வந்ததிலிருந்து மகளை அடுப்படிப் பக்கம்கூட விடாமல் உட்கார வைத்திருக்கிறீர்களோ என்று ஒரு சந்தேகம் எனக்கு. காலையில் வெயில் ஏறும் முன் நடக்கட்டும்.

மாமனாரின் மெமன்டைன் டப்பாவை மகளின் மாத்திரைகள் இருக்கும் அலமாரியில் வைக்காதீர்கள், இரண்டையும் தனித்தனி இடத்தில் வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், சிவந்த நேரம், கண் மங்கிய நேரம், அப்போது வெளியே வெயில் எப்படி என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். என்ன சாப்பிட்டார் என்று எழுத வேண்டாம். அந்த நோட்டோடு டாக்டரைப் பாருங்கள்.